நோயாளியின் அருகிருப்போர்

மருத்துவ வரலாறு எனின் அது மருத்துவர்களின் வரலாறே என்று எண்ணுதல் நம்மிடைப் பெருவழக்கு. மருந்து கண்டவர் பெயரும் அறுவை புரிந்தவர் பெயரும் நூல்களில் நிலைத்துள்ளன. இரவெல்லாம் கண்விழித்து, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து, வாய்க்கு நீர் வார்த்தவர் பெயரை யாரும் எழுதி வைத்திலர். ஆயினும், பிழைத்தெழுந்தோர் வரலாற்றில் பெரும் பங்கு அவர்களுடையதே.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு ‘உழைச்செல்வான்’ என்று அருகிருந்து பேணுபவனையும் வள்ளுவர் சேர்த்தெண்ணுகிறார். வடமொழிச் சரக சங்கிதையும் மருத்துவத்திற்கு இந்நான்கையே உறுப்பாகக் கூறுகிறது. பணிவிடை பற்றிய அறிவு, கைத்திறன், நோயாளியிடத்து அன்பு, தூய்மை ஆகிய நான்கும் பேணுவோர்க்கு வேண்டும் என்பது அந்நூலின் கருத்து.

இக்கருத்து ஏட்டளவில் நின்றதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் (கி.பி. 1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் நடைபெற்ற ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையைப் பற்றி அது கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர் ஆகியோரோடு, மருந்து கொணர்வோர், மருந்து காய்ச்சி நோயாளரைக் கவனிக்கும் பெண்டிர், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் ஆகியோரும் அங்கே ஊதியம் பெற்றனர். சவரமும் நீரும்கூட மருத்துவத்தைச் சார்ந்தவை என அக்காலத்தவர் கருதினர் என்பது இதனால் விளங்கும் அன்றோ?

நிற்க. பிற்காலத்தில் இப்பணி தன் மதிப்பை இழந்தது. இங்கிலாந்திலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, நற்குடும்பத்துப் பெண்டிர் ஏற்கத்தகாத கூலிவேலையாகவே இது கருதப்பட்டது. அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910) அம்மையார். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் அவர் ஸ்கூட்டரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அங்கே காயத்தினும் காய்ச்சலும் பேதியுமே மிகுதியான வீரர்களைக் கொன்றன. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த சாவு, சாக்கடைகள் துப்புரவாக்கப்பட்டுக் காற்றோட்டம் சீரானபின், சில திங்களில் பெரிதும் வீழ்ந்தது. தூய்மை உயிர் காக்கும் என்பதை எண்களாலேயே மெய்ப்பித்துக் காட்டினார் அம்மையார். 1860இல் இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அவரது பயிற்சிப் பள்ளி தோன்றியது.

அதற்குச் சற்று முன்னர் அவர் வெளியிட்ட சிறுநூல், செவிலியர்க்கென்றன்றி இல்லத்துப் பெண்டிர்க்கென்றே எழுதப்பட்டது. காற்று, வெளிச்சம், அமைதி, உணவு, படுக்கை, உற்றுநோக்கல் என அது விரிகிறது. நோயாளியின் அருகமர்ந்து வெற்று ஆறுதலும் வேண்டாத யோசனையும் கூறுவோரைக் கண்டிக்க அதில் ஓர் அத்தியாயமே உண்டு. ‘நலம் விசாரிக்க’ப் பத்துப் பேராய்ச் சென்று ஒரு மணி நேரம் அமரும் நமக்கும் அப்பாடம் பொருந்தும்.

நம் நாட்டில் 1871இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி நிறுவினார். அங்கும் டில்லியிலும் 1946இல் பட்டப் படிப்பு மலர்ந்தது. அதே ஆண்டு வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்த வறுமையை எடுத்துக்காட்டிற்று. அடுத்த ஆண்டில் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் பிறந்தது. சங்கப் பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய்க்குரிய ‘செவிலி’ என்னும் பெயரையே தமிழ் இப்பணியினர்க்குச் சூட்டியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. ஊரிலே ஒருவர் படுத்துவிட்டால் பாட்டியோ, அத்தையோ, பெரியம்மாவோ வந்து நிற்பர். இக்காலனியில் நமக்கு அத்துணை இல்லை. மகனை நாடி இரயிலேறி வந்த முதிய பெற்றோர்க்கு அண்டை வீட்டார் மொழியும் தெரியாது. மருத்துவமனையும் சின்னாட்களில் நோயாளியை இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறது. பின்னர் உழைச்செல்வான் யார்? நாமே.

ஆகவே சரகர் கூறிய நான்கையும் நாம் பழகுதல் வேண்டும். தூய்மையாவது, நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல். வாயையும் உடலையும் நாள்தோறும் துடைத்தல். கைத்திறனாவது, எழ இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறையேனும் பக்கம் மாற்றிப் படுக்கைப்புண் வராது காத்தல். படுத்த நிலையில் ஊட்டாது, நிமிர்த்தி அமர்த்திச் சிறிது சிறிதாய் ஊட்டிப் புரையேறாமல் தடுத்தல். அறிவாவது, காய்ச்சல், உணவு, சிறுநீர், மூச்சு ஆகியவற்றில் காணும் மாறுதலைக் குறித்துவைத்து மருத்துவரிடம் தெரிவித்தல். அன்பாவது, ஆடை மாற்றுகையில் கதவைச் சாத்தி அவர் மானத்தைக் காத்தல்; செய்யப்போவதை முன்னரே அவரிடம் சொல்லுதல்.

இவற்றை ஒரு பிற்பகலிற் கற்பிக்கலாம். நம் காலனிகளில் செவிலியராய்ப் பணிபுரியும் சகோதரியரை அழைத்து, சங்கத்தின் சார்பில் ஆண்டுக்கொரு முறையேனும் பயிற்சி நடத்துவோமாக. பெண்டிர் மட்டுமன்றி ஆடவரும் அதிற் கலந்துகொள்ளல் வேண்டும். ‘உழைச்செல்வான்’ என்று ஆண்பாலில் அன்றோ வள்ளுவர் கூறிச் சென்றார்!