பிடி சூழ்ந்த எல்லையும் 12 ஆண்டு அனுபவமும்

ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவபுரச் செப்பேடு (பொ.ஆ. 866), காந்தளூர் மரபைப் பின்பற்றி 95 சட்டர்களுக்குச் சாலை அமைத்த செய்திக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. அதிலுள்ள நிலச் செய்தி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கோயில் எழவிருந்த உழக்குடிவிளை என்னும் நிலம் முஞ்சிறைச் சபையாருக்கு உரியது. அரசனே ஆயினும் மாற்று நிலம் கொடுத்தே அதனைப் பெற்றான். பிடி சூழ்ந்து எல்லையை உறுதிசெய்தான்.

பிடி சூழ்தல் என்பது பெண்யானையை நிலத்தைச் சுற்றி நடத்தி எல்லை வகுக்கும் முறை. பல்லவர் செப்பேடுகளில் ஊரார் எல்லை நடந்து கல்லும் கள்ளியும் நாட்டியதாகக் குறிப்புகள் வருகின்றன. கல் பெயரக்கூடும், கள்ளி பட்டுப்போகக்கூடும். யானை நடந்த தடத்தை ஊரே பார்த்திருக்கும் என்பதுதான் இச்சடங்கின் வலு. எல்லைக்கு முதற்சான்று, அதை அறிந்த அண்டை வீட்டாரின் கண்.

முஞ்சிறை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு வடமேற்கே, மாநில எல்லையைக் கடந்தால் பாறசாலை, செங்கல், நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் பிரிந்து சென்றன. அதுவரை இரண்டும் ஒரே நிருவாகத்தின் கீழ் இருந்த வட்டங்கள். ‘விளை’ என முடியும் இடப்பெயர்கள் இருபுறமும் இன்றும் வழங்குகின்றன.

இப்பகுதியின் நில உரிமை வரலாற்றில் இரண்டு திருப்பங்கள் முக்கியமானவை. 1865ஆம் ஆண்டின் பண்டாரவகைப் பாட்டப் பிரகடனம், அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதவர்களுக்கு விற்கவும் வாரிசுக்கு விடவும் உரிமை அளித்தது. 1883இல் தொடங்கி 1911இல் முடிந்த நிலவரித் திட்டம், ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளந்து எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றியது. வரி செலுத்துபவரின் தண்டப்பேர்க் கணக்கும் சர்வே எண்ணும் நிலத்தின் அடையாளங்களாயின. ஆயினும் ஆவணம் எழுதுவோர் பழைய வழக்கைக் கைவிடவில்லை. கிழக்கே இன்னாருடைய புரையிடம், தெற்கே இன்னாருடைய விளை என்று நான்கெல்லைகளும் அண்டை வீட்டாரின் பெயராலேயே குறிக்கப்பட்டன. பரப்பளவும் நான்கெல்லையும் முரண்படும்போது எல்லைக்கே பொதுவாக முன்னுரிமை என நீதிமன்றங்களும் கொண்டன.

தகராறு பிறக்கும் இடம், பதிவேட்டுக் கோட்டுக்கும் மண்ணிலுள்ள கையாலைக்கும் இடைப்பட்ட ஒரு சாண் நிலம். மழையில் கரைந்த மண் கையாலையை மீண்டும் கட்டும்போது அது சற்று நகர்கிறது. ஒரு தலைமுறை பேசாமல் விடுகிறது. அடுத்த தலைமுறை சர்வேயரை அழைக்கிறது. அப்போது மறுதரப்பு முன்வைக்கும் வாதம் எதிரிடை அனுபவம்.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 65ஆம் உறுப்பு, நிலத்தை மீட்கும் வழக்குக்கு 12 ஆண்டு வரம்பிடுகிறது. அனுபவம் உரிமையாளருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து அது கணக்காகும். அரசு நிலத்துக்கு 30 ஆண்டு. காலம் கடந்தால் 27ஆம் பிரிவின்படி உரிமையே அற்றுப்போகும். இதனால் ‘12 ஆண்டு இருந்தால் நிலம் சொந்தம்’ என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. சட்டம் அவ்வளவு எளிதன்று. கர்நாடக வக்பு வாரிய வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் ஐந்து செய்திகளை நிறுவக் கோரியது: எந்நாளில் அனுபவம் தொடங்கியது, அதன் தன்மை என்ன, எதிர்த்தரப்பு அதை அறிந்திருந்ததா, எவ்வளவு காலம் நீடித்தது, வெளிப்படையாகவும் இடையூறின்றியும் இருந்ததா. அனுமதியின்பேரில் வந்த அனுபவம் அனுமதியாகவே நீடிக்கும்வரை, எத்தனை ஆண்டு கழிந்தாலும் எதிரிடையாகாது.

அண்டை வீட்டார் வழக்குகளின் சிக்கல் இங்கேதான். வேலியோரத்தில் நாலு வாழை வைத்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் விட்டுக்கொடுத்தது, நீதிமன்றத்தில் மற்றவரால் அவருடைய அலட்சியமாகக் காட்டப்படுகிறது. எழுதப்படாத அனுமதியை நிறுவுவது கடினம். நல்லுறவில் பிறந்த மௌனமே உரிமையை இழக்கக் காரணமாகலாம்.

இவ்விதி நேர்மையான உரிமையாளருக்குக் கொடியது என 2008இல் ஹேமாஜி வாகாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிந்து, சட்டத்தை மறுபரிசீலனை செய்யுமாறு அரசுக்குப் பரிந்துரைத்தது. 2019இல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கிலோ, எதிரிடை அனுபவத்தால் உரிமை பெற்றவர் தாமே வாதியாக வழக்குத் தொடரலாம் என்றது. 2023இல் சட்ட ஆணையத்தின் 280ஆம் அறிக்கை, மாற்றம் வேண்டியதில்லை என்று முடித்தது.

2022 நவம்பர் 1 முதல் கேரளத்தில் ‘என்டெ பூமி’ டிஜிட்டல் மறு அளவை நடைபெறுகிறது. கருவி கையாலையின் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடும். அது அங்கே எவருடைய இசைவோடு வந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு அறிந்திருந்ததா என்று நீதிமன்றம் இன்று கேட்கும் கேள்விக்கு, 866இல் பிடி சூழ்ந்தவர்கள் முன்கூட்டியே விடை அளித்துவிட்டார்கள். விட்டுக்கொடுக்கும் ஒரு சாண் நிலத்துக்கும் இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒரு வரி எழுதி வைத்தால், அந்த விடை அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும்.