மாகாண சபைகளின் கூட்டுக் குரல் (இலங்கை)

நாடாளுமன்றச் சட்டவாக்கத்தில் இலங்கையின் ஒன்பது மாகாண சபைகளும் சேர்ந்து செலுத்தக்கூடிய செல்வாக்கு. இதன் அடிப்படை 1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம். மாகாணப் பட்டியலில் உள்ள விடயம் பற்றிய சட்டமூலம் எதுவாயினும், 154எ உறுப்புரையின்படி எல்லாச் சபைகளின் கருத்துக்கும் அனுப்பப்பட வேண்டும். எல்லாச் சபைகளும் இணங்கினால் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு சபை மறுத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஒப்பிட்டால், 1994இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் பிராந்தியங்களின் குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். எழுத்தளவில் இலங்கை ஏற்பாடு அதைவிட வலுவானது.

2012இல் வறுமை ஒழிப்புக்கான வாழ்வின் எழுச்சி (திவிநெகும) சட்டமூலம் இந்த ஏற்பாட்டைச் சோதித்தது. எட்டுச் சபைகள் இணங்கின. வடக்கில் அப்போது சபையே இல்லை. ஆளுநர் சம்மதம் அளித்தார். மக்கள் தெரிவுசெய்த சபையின் இடத்தில் ஆளுநர் பேச முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. சட்டமூலம் 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நிறைவேறியது. அதே மாதம், அத்தீர்ப்பை வழங்கிய அமர்வில் இருந்த பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார்.

2013 செப்டெம்பரில் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. மன்னார் மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். கடற்றொழில், மத்திக்கும் மாகாணங்களுக்கும் பொதுவான ஒருங்கியை பட்டியலில் இருப்பதால், மன்னார்க் கரையோர மீனவருக்கு மாகாணக் குரல் வெறும் சம்பிரதாயமன்று. அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; மற்றச் சபைகளும் கலைந்துவிட்டன. கலைந்த சபைகளால் கூடிப் பேச முடியாது. மாகாணத் தேர்தலை இனியும் தள்ளிப்போடக் கூடாது.