டயர் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஒரு பழைய கதை

பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. கிழக்கே அரியலூர் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள், கல் ஏற்றிய லாரிகள். 2007-இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டம் ஆவதற்கு முன் இரண்டும் ஒரே மாவட்டம். ஆனால் சாலைகள் வேறு வேறு. ஒன்றில் வழவழப்பான நான்குவழிப் பாதை, இன்னொன்றில் புழுதியும் சிதறிய ஜல்லியும். இரண்டிலும் ஒரே பைக்கில் நெடுந்தூரம் போகிறவர் டயர் மாற்றும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கம்பெனிப் பெயரையா, விலையையா?

இந்தக் கேள்விக்கு விடை சென்னை திருவொற்றியூரில் இருக்கிறது.

1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் அங்கே ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் பழைய டயருக்கு மேல்பட்டை போடும் ரப்பருக்கு மாறினார். ரீட்ரெடிங் என்று சொல்வது இதைத்தான். அப்போது இந்தியாவில் டயர் என்றாலே டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகள்தான். அவற்றோடு போட்டியிட அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் முதல் டயரை வெளியிட்டார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. அமெரிக்கத் தொழில்நுட்பம் இந்தியச் சாலைகளுக்குச் சரிப்படவில்லை. நம் வெயில், நம் பள்ளம், நம் பாரம் எல்லாமே வேறு. நல்ல கம்பெனியின் நல்ல தொழில்நுட்பம்தான், ஆனால் சாலை மாறியதும் தடுமாறியது. திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1963-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. நம் சாலைக்கேற்ற டயரை உருவாக்கிய பிறகு, 1967-இல் அதே அமெரிக்காவுக்கு டயர் ஏற்றுமதி செய்தது அந்த நிறுவனம்!

இதே திருவொற்றியூரில்தான் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட்டும் தயாரானது. பைக்கும் டயரும் ஒரே ஊரில் வளர்ந்திருக்கின்றன.

ஆக, இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான்: டயர் பொருந்த வேண்டியது வண்டிக்கு மட்டுமல்ல, சாலைக்கும்.

இதைக் கடையில் எப்படிப் பார்ப்பது? டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்தாலே போதும். உதாரணமாக 110/90-18 61பி என்று இருந்தால், அகலம் 110 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 18 அங்குலம். 61 என்பது 257 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு. பி என்றால் மணிக்கு 150 கி.மீ. வேகம் வரை. இருவர் உட்கார்ந்து, பெட்டியும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த எண்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தயாரித்த தேதி. நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கடையில் பல வருடம் கிடந்த டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழை நாளில் அது பிடிக்காது.

நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்குப் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேயும். அதனால் நடுவில் கடினமான ரப்பரும், வளைவில் சாய்வதற்கு ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைத்த டயர்கள் வந்தன. அரியலூர்ப் பக்கம் அதிகம் ஓட்டுபவருக்கோ ஆழமான பள்ளங்கள் கொண்ட பட்டைதான் கைகொடுக்கும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும் காற்று பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். பின்னால் கல் லாரி வரும்போது அந்தச் சில நிமிடங்கள் உயிரைக் காப்பாற்றும். ஆனால் ரிம்மும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

பலூன் கொட்டகையில் தொடங்கியவர்கள் சாலையைப் பார்த்துப் பாடம் கற்றார்கள். வாங்குபவரும் தான் தினமும் போகும் சாலையை ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம். தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதை நம்பித்தான் பயணம்.