டிஸ்க்குக்கு ஆர் பெயர் வைச்சது?

போன செமெஸ்டர் எங்கட அறையில ஒரு அநியாயம் நடந்தது. பழைய லப்டொப் ஒண்டுக்கு லினக்ஸ் போட, பென் டிரைவ் ஒண்டை அழிச்சு எழுத வெளிக்கிட்டம். முதல்நாள் அதின்ர பெயர் 'எஸ்டிபி'. அடுத்தநாள் வெளி ஹார்ட் டிஸ்க்கும் செருகியிருந்தது. யோசிக்காமல் பழைய கட்டளையையே திரும்ப அடிச்சம். அண்டைக்கு 'எஸ்டிபி' ஹார்ட் டிஸ்க். ஆய்வுக்காக எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் முழுக்கப் போச்சு.

பிழை எங்கடதான். ஆனால் ஒரு பொருளின்ர பெயர் ஒரே இரவில எப்பிடி மாறும் எண்டு தேடப்போய்த்தான் இந்த வரலாறு கிடைச்சது.

1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ், கருவிகளையும் கோப்புகளைப் போலவே நடத்தியது. டிஸ்க்குக்கும் அச்சு இயந்திரத்துக்கும் 'டெவ்' என்ற கோப்புறையில் ஒவ்வொரு பெயர். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் (அப்ப அவருக்கு 21, எங்கட வயசு) எழுதிய லினக்ஸும் இந்த வழக்கத்தையே எடுத்துக்கொண்டது. அந்தப் பெயர்கள் முன்கூட்டியே உருவாக்கப்பட்டவை. கணினியில் இல்லாத கருவிகளுக்கும் சேர்த்துப் பெயர் இருக்கும். பிறக்காத பிள்ளைகளையும் இடாப்பில எழுதிவைச்ச மாதிரி.

யூ.எஸ்.பி வந்ததும் இது சரிவரவில்லை. 2001 ஜனவரியில் வெளியான 2.4 கேர்னலில் ரிச்சர்ட் கூச் எழுதிய 'டெவ்எஃப்எஸ்' இருந்தது. உண்மையில் இருக்கிற கருவிகளை மட்டும் அது காட்டும். ஆனால் பெயர் வைக்கிற அதிகாரம் கேர்னலுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது.

2003 இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதை வெளியே எடுத்தார். கேர்னல் 'இன்னது வந்திருக்கு' என்று அறிவித்தால் போதும். வெளியே ஓடும் 'யூடெவ்' விதிகளைப் பார்த்து அதுக்குப் பெயர் வைக்கும். அந்த விதிகளை நாங்களும் எழுதலாம். 2006 இல் டெவ்எஃப்எஸ் கேர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

இதில ஒரு சிக்கல். பவர் பொத்தானை அமத்தினதும் தாய்ப்பலகையின் நிரல் தொடக்கியை எழுப்பும், தொடக்கி கேர்னலை ஏற்றும். கேர்னல் கருவிகளைக் காணத் தொடங்கேக்க யூடெவ் இன்னும் எழும்பியிருக்காது. அதனால், எழும்பின பிறகு எல்லா அறிவிப்பையும் முதலிலிருந்து திரும்பச் சொல்ல வைப்பார்கள். பிந்தி வந்த ஆசிரியர் இடாப்பைத் திரும்பக் கூப்பிடுற கதைதான்.

அதிகாரம் வெளியிலேயே நிற்கவும் இல்லை. 2009 இல் 'டெவ்டிஎம்பிஎஃப்எஸ்' மூலம் அடிப்படைப் பெயர்களைக் கேர்னலே மீண்டும் உருவாக்கத் தொடங்கியது. 2012 இல் யூடெவ், 'சிஸ்டம்டி' என்ற பெரிய திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. அது பிடிக்காத ஜென்டூ ஆக்கள் சிலர் 'இயூடெவ்' எண்டு தனியாகப் பிரிஞ்சினம். எங்களுக்கு அவையளின்ர கோபம் விளங்குது; வேலை செய்யிற ஒண்டை இன்னொண்டுக்குள்ள கரைக்கத்தான் வேணுமோ?

கடைசியாத் தெரிஞ்சுகொண்டது இன்னும் கொடுமை. 'எஸ்டிபி'யின் கடைசி எழுத்து, டிஸ்க்குகளைக் கண்டுபிடித்த ஒழுங்கில் வருவது, நிரந்தரமே இல்லை. தொடர் இலக்கத்தை வைத்து மாறாத இன்னொரு பெயரையும் யூடெவ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கொடுத்தே வைத்திருக்கும். எங்கட ஹார்ட் டிஸ்க்குக்கும் அண்டைக்கு அந்தப் பெயர் இருந்தது. நாங்கள்தான் பார்க்கேல்லை.