முறுக்கமும் இறுக்கமும்: சுன்னாகத்து எஞ்சின்களை முன்வைத்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எஞ்சினின் வரலாறு வீதியோடு மட்டுமன்றித் தோட்டக் கிணற்றடியோடும் தொடர்புடையது. சுன்னாகத்தைச் சூழ்ந்த செம்மண் நிலங்களிலே துலாவால் இறைத்த நீரை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு மண்ணெண்ணெயில் இயங்கும் பொறிகள் இறைக்கலாயின. பெற்றோலிலே தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை உழவர்க்குக் கைவந்ததாயிற்று.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள்மீது விதிக்கப்பட்ட தடையால் இம்முறை கார்களுக்கும் வந்து சேர்ந்தது. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் சில துளி பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின்களாதலின் அவற்றுக்கு இது இயன்றது.

ஆயினும் எஞ்சினுக்கு நேர்ந்த கேடு சிறிதன்று. மண்ணெண்ணெய் எரியும்போது எழும் தட்டல் கஸ்கெற்றையும் பெயாரிங்குகளையும் தாக்கும். எரியாது எஞ்சியது பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஒயிலிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். ஆகவே எஞ்சினைக் கழற்றிப் புதுக்கிப் பூட்டும் தேவை பெருகியது.

ஈண்டுதான் மரையாணியின் முறுக்கம் கருதற்பாலது. இறுக்கப்படும் மரையாணி வில்லைப்போல் இம்மியளவு நீள்கின்றது. அந்த இழுவையே சிலிண்டர்த் தலையைப் பற்றி வைத்திருப்பது. இறுக்கம் குறைந்தால் கஸ்கெற் எரியும். மிகுந்தால் மரை அழியும், அல்லது தலை வளையும். நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு மூன்று படிகளாக இறுக்குக என்பதும் இது பற்றியே.

ஆனால் அளவுகருவி காட்டுவது இழுவையை அன்று, முறுக்கத்தையே. அம்முறுக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை உராய்வு விழுங்கிவிடும். துருவேறிய மரையில் அதே எண் குறைந்த இழுவையையே தரும். எண்ணெயிட்ட மரையில் மிகுந்த இழுவையைத் தரும். மின்னிலையங்களிலுள்ள பெரிய டீசல் எஞ்சின்களில் மரையாணியை எண்ணெயழுத்தத்தால் நேரே இழுத்து நீட்டிச் சுரையைப் பூட்டுவதன் காரணம் இதுவே. புதிய உறுப்புகள் எளிதிற் கிடையாத காலத்தில், பழைய மரையைத் துலக்கிய கம்பித் தூரிகைக்கும் அளவுகருவிக்கு ஒப்பான மதிப்பு உண்டு.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். நடந்தோரே பலர். நோயுற்றோரையும் முதியோரையும் ஏற்றிய வாகனம் ஒன்று வழியில் நில்லாது சென்றதெனில், அதற்கு முன் யாரோ ஒருவர் கராச்சில் பொறுமையோடு ஒழுங்காகப் பூட்டிய மரையாணிகளும் அதற்கு ஒரு காரணமாகும்.

அக்காலத்துக் கைத்திறனைப் போற்றுவது தகும். ஆனால் அத்திறன் அளவை இகழ்ந்து பிறந்ததன்று. அளவின் பொருளை உணர்ந்து பிறந்தது. தடைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் அரசியல் ஆவணங்களோடு கராச்சின் எண்ணெய்க் கறை படிந்த கைந்நூல்களையும் தேடுதல் வேண்டும்.