மறுப்பும் மௌனமும்

பிரபல்யம் வியாபாரிகளின் விவகாரம், காரியத்தில் சிரத்தை உள்ளவன் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது சிறு பத்திரிகை வட்டத்தில் நெடுநாளாக இருந்துவரும் எண்ணம். இதை இன்னொரு துறையின் சமீப சரித்திரத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பலர் கூடி எழுதி, மூலநிரலை யாரும் படிக்கவும் திருத்தவும் விட்டுவிடுகிற மென்பொருள் இயக்கத்தைச் சொல்கிறேன். பெரும்பாலும் கூலி எதிர்பாராத உழைப்பில் தொடங்கியது அது. அந்த அளவில் நமக்கு அந்நியமானதல்ல.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய இந்த இயக்கம் தன்னை 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்று அழைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் விடுதலையும் உண்டு, விலையில்லாததும் உண்டு. அவர் சொன்னது முதலாவது. கம்பெனிகளின் காதில் விழுந்தது இரண்டாவது. தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 'கட்டற்ற' என்பது வேறு, 'இலவசம்' என்பது வேறு. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் கம்பெனி தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அதையொட்டி பிப்ரவரி 3ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு சிலர் கூடிப் பேசினார்கள். கிறிஸ்டைன் பீட்டர்சன் யோசித்து வைத்திருந்த 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல் அங்கேதான் புழக்கத்துக்கு வந்தது. ஏப்ரல் 7இல் பதிப்பாளர் டிம் ஓரைலி கூட்டிய கூட்டத்தில் வாக்கெடுத்து அச்சொல்லை ஏற்றார்கள். அன்றே பத்திரிகையாளர்களையும் சந்தித்தார்கள். ஸ்டால்மனுக்கு அழைப்பில்லை.

இது வெறும் பெயர் மாற்றமல்ல. நியாயத்தைப் பற்றிய ஒரு வாதம், உற்பத்தி முறையைப் பற்றிய வாதமாக ஆயிற்று. பத்திரிகைகளுக்கு இது புரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ஃபோர்ப்ஸ்' லினஸ் டோர்வால்ட்ஸின் படத்தை அட்டையில் போட்டது. ஸ்டால்மன் புதிய சொல்லை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைக் கட்டுரைகளிலும் மேடைகளிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஒரு சொல்லை விட்டுக்கொடுக்கும்போது எந்த அர்த்தம் கைநழுவுகிறது என்று தெரிந்தவரின் பிடிவாதம் அது. கவிதை எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெட்ஸ்கேப்பின் அறிவிப்பிலிருந்து கிளைத்த மோஸில்லா திட்டத்தில் பிறந்தது ஃபயர்ஃபாக்ஸ் உலாவி. அதன் 1.0 பதிப்பு 2004 நவம்பர் 9இல் வெளிவந்தது. உபயோகத்தில் இருந்த உலாவிகளில் பத்துக்கு ஒன்பது மைக்ரோசாஃப்டினுடையதாக இருந்த காலம். விளம்பரத்துக்கு வசதியில்லாத மோஸில்லா ஃபவுண்டேஷன், உலாவியை உபயோகிப்பவர்களிடமே கேட்டது. பத்து நாட்களில் சுமார் 10,000 பேர் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். டிசம்பர் 16ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இரண்டு முழுப் பக்கங்கள். கொடுத்தவர்களின் பெயர்களெல்லாம் பொடி எழுத்தில்.

விளம்பரத்தின் சரித்திரத்தில் இது அபூர்வமான சம்பவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு கூட்டம் தன்னையே அச்சிட்டுக் காட்டியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இடம் பெறத் தகுதி, பணம் கொடுத்திருப்பது. நிரல் எழுதியதற்கும் பிழை கண்டு சொன்னதற்கும் அங்கே இடமில்லை. அடுத்த பிப்ரவரியில் 'வயர்டு' இதழ் 19 வயது ப்ளேக் ராஸின் முகத்தை அட்டையில் போட்டது. அவர் அந்த உலாவியைத் தொடங்கியவர்களில் ஒருவர், உழைப்பும் உண்மை. ஆனால் பத்திரிகைக்கு ஒரு முகம் போதும், அதுவும் இளம் முகமாக இருந்தால் சௌகரியம். 2005இல் மோஸில்லாவின் வருமானம் 5 கோடி டாலரைத் தாண்டியது. பெரும்பகுதி கூகுள் கொடுத்தது, உலாவியில் தன் தேடல் பெட்டி இருப்பதற்காக. பத்தாயிரம் பேரின் கொடை ஓராண்டுக்குள் சிறு தொகையாகிவிட்டது.

இதற்கு நேர் எதிரானது ஓப்பன் எஸ்எஸ்எல்லின் கதை. இணையத்தில் வங்கிக் கணக்கும் கடவுச்சொல்லும் பிறர் கண்ணில் படாமல் போய்ச் சேர உதவும் நிரல் அது. உலகத்தின் இணையத் தளங்களில் பெரும்பகுதி அதை நம்பியிருந்தது. அதைப் பராமரித்தவர்கள் ஒரு சிலர். முழு நேரமாக இருந்தவர் ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அட்டைப்படமில்லை, விளம்பரமில்லை. 2014 ஏப்ரல் 7இல் அதில் இரண்டு ஆண்டுகளாக இருந்த ஒரு பிழை வெளியிடப்பட்டது. பிழையைக் கண்டவர்களில் ஒரு சாராரான ஃபின்லாந்துக் கம்பெனி, அதற்கு 'ஹார்ட்பிளீட்' என்று பெயரிட்டு, ரத்தம் சொட்டும் இதயத்தைச் சின்னமாகவும் வரைந்து கொடுத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. சில வாரங்களில் பெரிய கம்பெனிகள் பணத்தோடு வந்தன. பதினைந்து ஆண்டு உழைப்பு பெற்றுத் தராததை ஒரு பிழை பெற்றுத் தந்தது.

ஸ்டால்மனும் ஓப்பன் எஸ்எஸ்எல்காரர்களும் பத்திரிகை வெளிச்சத்துக்கு வெளியே நின்றவர்கள்தான். இரண்டும் ஒன்றல்ல. முன்னவருடையது மறுப்பு, அதற்கு வாதம் இருந்தது, அந்த வாதம் ஓயாமல் சொல்லப்பட்டது. பின்னவர்களுடையது மௌனம். வேலை மிகுதியால், ஆள் குறைவால் ஏற்பட்டது. மறுப்புக்கான விலையை மறுத்தவரே கொடுக்கிறார். மௌனத்துக்கான விலையை அந்த உழைப்பை நம்பியிருக்கிற எல்லோரும் கொடுக்க நேர்கிறது.

சிறு பத்திரிகையின் கர்வம் பெரும்பாலும் மௌனத்தை மறுப்பென்று எண்ணிக்கொள்கிறது. பெரிய பத்திரிகைகள் நம்மை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பதைவிட, மெய்ப்பு பார்க்கிறவர், சந்தாக் கணக்கு எழுதுகிறவர், பிரதிகளைக் கட்டித் தபாலில் சேர்க்கிறவர் ஆகியோரின் பெயர்களை நம் இதழ்களில் எத்தனை முறை அச்சிட்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது உபயோகமாக இருக்கும்.