ஃபைஃபரின் கிருமி

1892ல் பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், இன்ஃப்ளுயன்சா நோயாளிகளின் சளியில் ஒரு நுண்ணிய பாக்டீரியாவைக் கண்டு, நோயின் காரணம் அதுவே என அறிவித்தார். கோக்கின் சீடர் சொன்னதென்பதால் அச்சொல்லுக்கு எடை இருந்தது. 1918ன் கொள்ளைநோயில் இறந்தோரின் நுரையீரல்களில் மருத்துவர்கள் அதையே தேடினர். சிலரிடம் கிடைத்தது, பலரிடம் நிமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவையே இருந்தன. 1933ல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் காரணம் ஒரு வைரஸ் என்று நிறுவியதும் ஃபைஃபரின் கிருமி ஒரு பிழைக்கதையாகச் சுருங்கியது. பழைய தவறு அதன் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே.

ஆனால் அந்தப் பிழை முழுப்பிழை அல்ல. 1931லேயே ரிச்சர்ட் ஷோப் பன்றிகளில் காட்டியிருந்தார்: வைரஸ் தனியே வந்தால் லேசான காய்ச்சல்; அதனுடன் ஃபைஃபர் கிருமியின் உறவுக்கிருமியும் சேர்ந்தால் கடுமையான நோய். 2008ல் மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபௌச்சி ஆகியோர் 1918-19ல் இறந்த 58 பேரின், மெழுகில் பதித்துக் காக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை மீண்டும் பார்த்தனர். அனைத்திலும் பாக்டீரியா நிமோனியாவின் தடயங்கள். வைரஸ் வாயிலைத் திறந்தது. பெரும்பாலும் கொன்றவை பின்னால் நுழைந்தவை.

காவல் எங்கே போயிற்று? நுரையீரலின் காற்றறைகளில் மாக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்கு செல்கள் உண்டு. மூச்சோடு வரும் தூசியையும் கிருமியையும் ஓசையின்றி விழுங்கித் தீர்ப்பது இவற்றின் அன்றாட வேலை. காயம் நேரும்போது இவற்றில் பல மடிகின்றன, எஞ்சியவையும் மந்தமாகின்றன. அதே 2008ல் சன், மெட்ஸ்கர் இருவரும் எலிகளில் கண்டது இன்னும் விசித்திரமானது. வைரஸை ஒழிக்க வந்த டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, மாக்ரோஃபேஜ்கள் கிருமியைப் பற்றிக்கொள்ள உதவும் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. இந்தத் தளர்ச்சி நோயின் உச்சத்தில் அல்ல, உடல் தேறத் தொடங்கும் நாட்களில் நேர்கிறது. 1918ன் மரணங்களில் பெரும்பகுதி காய்ச்சல் தொடங்கி ஒரு வாரத்துக்குப் பின் நிகழ்ந்தவை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

நிமோகாக்கஸைக் கொல்லும் பெனிசிலின் அன்று இல்லை. 1929ல் அதைப் பற்றி எழுதியபோது ஃப்ளெமிங் சுட்டிய பயன்களில் ஒன்று வினோதமானது: வளர்தட்டில் மற்ற கிருமிகளை அடக்கி, ஃபைஃபரின் கிருமியை மட்டும் பிரித்தெடுக்க அது உதவும் என்பது.